தாராவி வகுப்பறைக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

டி.எட்., பி.எட். முடித்துப் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் இருக்கும். கற்றல் சாகும்வரை நடப்பது என்பது ஒன்று. ஆர்வமில்லாத பிள்ளைக்கும் ஆர்வத்தை ஊட்டிவிடலாம் என்பது இன்னொன்று. இரண்டுமே நல்லவை. ஆனால் மும்பையில் தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ ஒரு தமிழ் மீடியம் ஆறாம் வகுப்புக்குள் நுழைந்த முதல் மாதத்திலேயே இரண்டாவது நம்பிக்கை ஆட்டம் காணும். கலாம் சிறுவயதில் பேப்பர் போட்ட கதையைச் சொல்லியாயிற்று. 'நல்லாப் படிச்சாத்தான் நாளைக்கு முன்னேற முடியும்' என்று எடுத்துச் சொல்லியாயிற்று. கடைசி பெஞ்சில் அதே நாலு பேர் அதே மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'இதுகளுக்குப் படிப்பு ஏறாது' என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள். அந்த முடிவுக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் 'எனக்கு வரவில்லை' என்பதைத்தான் 'எனக்கு வேண்டாம்' என்று மாற்றிச் சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் நண்பர்கள் முன்னால் வாசிக்கத் தெரியாதவனாக நிற்பதைவிட அடங்காதவனாக நிற்பதையே தேர்ந்தெடுப்பான். அதில் அவனுக்கு மரியாதை இருக்கிறது. அவனிடம் ஆர்வத்தைப் பற்றிப் பேசுவதால் ஒன்றும் நடக்காது. எந்த இடத்தில் அவனுக்குப் படிப்பு நின்றுபோனது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து தினம் ஒரு சின்ன விஷயமாவது அவனுக்கு வரும்படி செய்தால் ஆர்வம் பின்னாலேயே வரும்.

இதற்கு நேர் எதிரான ஒரு வகையும் உண்டு. கண்ணில் படாது, ஆனால் அதிக ஆபத்தானது. முதல் வரிசையில் உட்கார்ந்து, போர்டில் எழுதியதை முத்து முத்தாக நோட்டில் எழுதிவிடும் பெண் பிள்ளை. மார்ஜின் போட்டிருக்கும், தலைப்புக்கு அடிக்கோடு இருக்கும். நோட்டை வாங்கி, அவள் எழுதிய மூன்றாவது வரியில் விரலை வைத்து 'இதை வாசிம்மா' என்று கேட்டால் அமைதியாகிவிடுவாள். அவளுக்கு எழுத்து என்பது பார்த்து வரையும் படம். இப்படி ஏழாம் வகுப்பு வரைக்கும் வந்துவிட முடியும். தொந்தரவு கொடுக்காததால் யாரும் கவனிப்பதில்லை. அழகான கையெழுத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பது. இதற்கான கருவியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1995-இல் பணியைத் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வில் பயன்படுத்தும் தாள் மிக எளிமையானது. எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை, அவ்வளவுதான். பிள்ளை ஐந்து எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து நாலைச் சரியாகச் சொன்னால் எழுத்து நிலையில் இருக்கிறது என்று பொருள். சொல்லுக்கும் அதே கணக்கு. அதே மாதிரி ஒரு தாளை நீங்களே ஒரு மாலையில் தயாரித்துவிடலாம். பத்து எழுத்து, இரண்டு மூன்று எழுத்துகளில் பத்துச் சொல், நாலு வாக்கியத்தில் ஒரு பத்தி, எட்டு முதல் பத்து வாக்கியத்தில் ஒரு கதை. பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கதைக்குக் கீழே படமோ கேள்வியோ வேண்டாம், அதைப் பார்த்து ஊகித்துவிடுவார்கள்.

ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். நாற்பது பேர் என்றால் இருநூறு நிமிடம், ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வீதம் ஐந்து நாளில் முடிந்துவிடும். மற்றவர்களுக்கு அந்த நாற்பது நிமிடமும் ஓடும்படியான ஒரு வேலை கொடுத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து பள்ளி வரைக்குமான வழியைப் படமாக வரைந்து கடைகளின் பெயரைக் குறிப்பது போன்ற வேலை சரியாக வரும், அதில் யாருக்கும் தோல்வி இல்லை. வாசிக்கும் பிள்ளையை வராண்டாவில் உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள், எதிரே வேண்டாம். எதிரே உட்கார்ந்தால் பரீட்சை ஆகிவிடும். பத்தியிலிருந்து தொடங்குங்கள். வந்தால் கதைக்குப் போகலாம், வராவிட்டால் பேச்சே இல்லாமல் தாளைத் திருப்பிச் சொல்லுக்கு வந்துவிடலாம். 'தப்பு' என்று சொல்லக் கூடாது, திருத்தவும் கூடாது. எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'சொல் நிலை' என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அது போதாது. எந்தச் சொல்லில், எந்த எழுத்தில் என்பதுதான் நாளைக்குப் பாடம். மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் காணக் கிடைக்கும் தடங்கல்கள் சில இருக்கின்றன, அவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் வேலை பாதியாகும்.

முதலில் கொம்பு. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. அதே பிள்ளை மராத்தி பீரியடில் தேவநாகரி எழுதுகிறது, அங்கே முன்னால் நிற்கும் குறி இகரத்துக்கானது. இரண்டையும் ஒரே வயதில் படிக்கும்போது கண் எங்கே தொடங்குவது என்று தடுமாறும். அடுத்தது, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும். மராத்தி எழுத்தில் குறில் எகர, ஒகரத்துக்குத் தனிக் குறி இல்லை. அதனால் இங்குள்ள பிள்ளைக்கு கொடுவும் கோடும், கெட்டானும் கேட்டானும் ஒன்றாகவே தெரிவதில் ஆச்சரியமில்லை. ஊரில் படிக்கும் பிள்ளைக்கும் இந்தக் குழப்பம் வரும், ஆனால் சீக்கிரம் தீரும். இங்கே விடாமல் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது உகரம். சு, பு, யு, வு ஒரு மாதிரி, டு, மு, ரு, ழு, ளு இன்னொரு மாதிரி, து, நு, லு, று, னு வேறு மாதிரி. மற்ற உயிர்களுக்கு ஒரே குறியை எல்லா மெய்க்கும் போட்டுவிடலாம், இதற்கும் ஊகாரத்துக்கும் முடியாது. உகரத்தை மூன்று குடும்பமாகப் பிரித்து ஒரு குடும்பத்துக்கு நாலு நாள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் பதினெட்டையும் எழுதச் சொன்னால் இம்போசிஷன் ஆகுமே தவிர மனதில் நிற்காது.

கடைசியாக நீளமான சொற்கள். பாடப்புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று ஒரே மூச்சில் இருக்கும். வீட்டில் பிள்ளை கேட்பது 'வந்துக்கிட்டு இருக்காவ'. தாராவியின் தமிழ்க் குடும்பங்களில் ஏராளமானவை திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவை, இந்தப் பேச்சு அங்கிருந்து வந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை 'வந்துகொண்' வரைக்கும் வந்து, சொல்லின் தலையை மறந்துவிட்டு நிற்கும். எல்லா எழுத்தும் தெரிந்தும் வாசிக்க வராத பிள்ளைகளில் பலருக்கு இதுதான் சங்கதி. பென்சிலால் வந்து / கொண்டு / இருக்கிறார்கள் என்று கோடு போட்டுக் கொடுங்கள். பிறகு பிள்ளையையே கோடு போடச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் 'வீட்ல இதை எப்படிச் சொல்லுவே?' என்று கேளுங்கள். 'வந்துக்கிட்டு இருக்காவ' என்று சொல்லிவிட்டுச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் பாடம் பாதி முடிந்தது. வீட்டுப் பேச்சு தப்பு என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். புத்தகத் தமிழுக்கு ஏறிப் போகும் படி அதுதான்.

சோதனையோடு சேர்த்துக் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். இருபதடி தள்ளி நின்று போர்டில் உள்ள எழுத்தை ஒரு கண்ணை மூடி வாசிக்கச் சொல்வது, முதுகுப் பக்கமிருந்து மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. மருத்துவச் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனாலும் யாரை அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். எழுத்துகள் நன்றாகத் தெரிந்து, வாயால் கேட்டால் பிரமாதமாகப் பதில் சொல்லி, எழுத்தில் மட்டும் மாதக்கணக்கில் நகராமல் இருக்கும் பிள்ளை இருந்தால் கற்றல் குறைபாடு இருக்கலாம். பக்கத்திலேயே சயான் மருத்துவமனையில் அதற்கான கிளினிக் இருக்கிறது. சான்றிதழ் கிடைத்தால் எஸ்.எஸ்.சி. என்ற பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது அவசரப்படாமல், அம்மாவையும் அப்பாவையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லுங்கள். 'என் பிள்ளைக்குப் பைத்தியமா டீச்சர்?' என்றுதான் முதல் கேள்வி வரும். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

இனி தினசரி வேலை. ஒரு நாளைக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், வகுப்பு எது என்று பார்க்காமல் நிலை எது என்று பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பது. பிரதம் அமைப்பின் முறை இதுதான். முப்பது முதல் ஐம்பது நாள் வரை, பல கட்டங்களாக நடத்துவார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பயிற்சிகள் இருக்கின்றன. அந்தப் பயிற்சி நூல்களை இங்கேயும் பயன்படுத்தலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆறாம் வகுப்புப் பையனுக்கு ஒன்றாம் வகுப்பு அணிலையும் ஆட்டையும் கொடுத்தால் அவனுக்கு அவமானமாக இருக்கும். நிலை கீழே இருக்கலாம், விஷயம் அவன் வயதுக்கு இருக்க வேண்டும்.

பெரிய பிள்ளைகளுக்கான வாசிப்புப் பொருள் தாராவியில் தெருவெல்லாம் கிடக்கிறது. தொண்ணூறு அடி ரோட்டில் தமிழில் எழுதிய கடைப் பலகைகள், கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா போஸ்டர், புதுப்பட விளம்பரம், ஐ.பி.எல். ஸ்கோர் வந்த தமிழ்ப் பத்திரிகைத் துண்டு. கோயில் கொடை நோட்டீஸில் நேரம், தேதி, ஊர்ப்பெயர், உறவுமுறை, பணத்தொகை எல்லாம் இருக்கும். அதிலேயே கணக்கும் நடத்தலாம். பிள்ளையின் மாமா பெயர் விழாக்குழுப் பட்டியலில் இருந்துவிட்டால் அந்தத் தாளை அவன் கீழே வைக்க மாட்டான்.

அந்த ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் பத்து நிமிடம் நேற்றைய விஷயத்தைப் புத்தகம் பார்க்காமல் நினைவுபடுத்துவது. அடுத்த இருபது நிமிடம் ஒரே ஒரு புதிய விஷயம், கொம்பு என்றால் கொம்பு மட்டும். அடுத்த இருபது நிமிடம் அந்த விஷயம் நிறைய வரும் ஒரு துண்டை ஜோடியாக வாசிப்பது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. அந்த ஒரு வரித் துண்டுச்சீட்டுதான் உங்களுக்கு மறுநாள் பாடத்திட்டம். நாற்பது சீட்டைப் பார்க்கப் பதினைந்து நிமிடம் போதும். சரி, கிட்டத்தட்ட, வரவில்லை என்று மூன்று குவியலாகப் போட்டால் தீர்ந்தது.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. குழுக்களுக்கு மல்லி, ரோஜா என்று எத்தனை அழகாகப் பெயர் வைத்தாலும் எது 'மக்குக் குழு' என்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். ஆகவே குழு நிரந்தரமாகக் கூடாது. பத்து நாளுக்கு ஒரு முறை திரும்ப வாசிக்கக் கேட்டு ஆட்களை மாற்றுங்கள், யாராவது மேலே போவது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். இரண்டாவது, கீழ்க்குழுவை வகுப்பு லீடரிடம் விட்டுவிட்டு நன்றாகப் படிப்பவர்களோடு நீங்கள் உட்கார்வது. அது தலைகீழாக இருக்க வேண்டும். மூன்றாவது, பரீட்சை நெருங்கியதும் 'போர்ஷன் முடியல' என்று இந்த ஒரு மணி நேரத்தை நிறுத்துவது. வாசிக்க வராத பிள்ளைக்கு முடித்த போர்ஷனால் என்ன பயன்? தலைமை ஆசிரியரிடம் ஆரம்பத்திலேயே பேசி இந்த நேரத்தை டைம்டேபிளில் எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுப் பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பேரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற முப்பத்தொன்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

நோட்டுத் திருத்துவதில்தான் புதிய ஆசிரியர்களின் உழைப்பு அதிகம் வீணாகிறது. எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் வளைத்து, கீழே 4/10 போட்டு, 'இன்னும் முயற்சி தேவை' என்று எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளை 4-ஐ மட்டும் பார்க்கும், நோட்டை மூடும். ரூத் பட்லர் 1988-இல் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு ஆர்வமும் திறனும் கூடின. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மதிப்பெண் குறிப்பை விழுங்கிவிட்டது. பருவத் தேர்வுக்கு மதிப்பெண் போட்டாக வேண்டும், வேறு வழியில்லை. தினசரி நோட்டில் அது வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே வகைப் பிழையைப் பாருங்கள், இன்று புள்ளி என்றால் புள்ளி மட்டும். மூன்று இடத்துக்கு மேல் குறி வேண்டாம். குறிப்பு அடுத்து என்ன செய்வது என்று சொல்ல வேண்டும்: 'இரண்டாவது வரியில் இரண்டு சொல்லுக்குப் புள்ளி போடவில்லை, கண்டுபிடி.' நோட்டைக் கொடுத்த கையோடு ஐந்து நிமிடம் ஒதுக்கி, அங்கேயே அதைச் செய்ய வையுங்கள். அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் முந்தின நாள் இரவு நீங்கள் கண்விழித்தது வீண்.

பாராட்டும் இப்படித்தான். கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர் வந்ததும் சீக்கிரம் சோர்ந்தார்கள், உழைப்பைப் பாராட்டியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். 'வெரி குட், கெட்டிக்காரன்' என்று தட்டிக்கொடுப்பது நமக்கு வாயில் வந்துவிடும். அதற்குப் பதில் 'நேத்து கொம்பு வந்த இடத்தில எல்லாம் நின்னே, இன்னிக்கு ஒரு இடத்திலதான் நின்னே' என்று சொன்னால் பையனுக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரியும். சாக்லேட், ஸ்டிக்கர் பற்றியும் கேட்பார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த வேலைக்குப் பரிசு அறிவிக்காதீர்கள். ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த நர்சரிப் பிள்ளைகளுக்குப் பரிசு உண்டு என்று முன்கூட்டிச் சொன்னதும், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் அவர்கள் வரைவது குறைந்தது என்பது 1973-இல் லெப்பர் குழுவினர் கண்டது. கதை கேட்க ஓடிவரும் பிள்ளைக்குச் சாக்லேட் வேண்டாம். யாருக்குமே பிடிக்காத வாய்ப்பாட்டுக்கு எப்போதாவது கொடுத்தால் குடிமுழுகிவிடாது.

வீட்டைப் பற்றித் தெரியாமல் வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். பத்துக்குப் பத்து ரூமில் ஐந்து பேர், மாலையில் டி.வி., மேலே தையல் மிஷின் சத்தம். காலையில் தண்ணீர் வரும் நேரம் பெண் பிள்ளைக்குக் குடம் பிடிக்கும் நேரம். இட்லி வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளை விடியுமுன்னே எழுந்து மாவுக்கும் தட்டுக்கும் கை கொடுத்துவிட்டு வருகிறது. அது முதல் பீரியடில் தூங்கினால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம் கிடையாது. அந்தப் பிள்ளையை வாசிக்கக் கேட்பதை மூன்றாவது பீரியடுக்கு மாற்றுங்கள். வீட்டுப்பாடம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மேஜை, வெளிச்சம், இணையம் எதுவும் தேவைப்படாததாக அது இருக்க வேண்டும். 'ஆச்சியிடம் ஊரில் எந்தக் குளத்தில் மீன் பிடிப்பார்கள் என்று கேட்டு இரண்டு வரி எழுதி வா' என்பது செய்யக்கூடிய வேலை. மற்ற எழுத்து வேலையைப் பள்ளி விடுவதற்கு முந்தின கால் மணி நேரத்தில் பள்ளியிலேயே முடிக்கவைப்பது நல்லது.

பெற்றோரைக் கூப்பிடும்போது முதல் செய்தி புகாராக இருந்தால் இரண்டாவது முறை வர மாட்டார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து திட்டு வாங்கிப் போக யாருக்கு மனம் வரும்? முதல் மாதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போயிருக்க வேண்டும், போனில் ஒரு நிமிடம் போதும். அண்ணனோடும் அக்காவோடும் ஒப்பிட்டு ஒரு சொல்கூட வேண்டாம்.

இனி அந்த முதல் நம்பிக்கைக்கு வருவோம். சாகும்வரை கற்றல் என்பதைப் பிள்ளைகள் எங்கே பார்ப்பார்கள்? சுவரில் ஒட்டிய வாசகத்தில் பார்க்க மாட்டார்கள். மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ் மீடியப் பிள்ளைக்கும் மராத்தி கட்டாயம், அது பலருக்கு எட்டிக்காய். ஊரிலிருந்து வந்த ஆசிரியருக்கும் பெரும்பாலும் மராத்தி வராது. இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. தினமும் ஐந்து நிமிடம் பிள்ளைகளிடமே மராத்தி கற்றுக்கொள்ளுங்கள். தெருவில் விளையாடி மராத்தி சரளமாகப் பேசும் பிள்ளைகள் கடைசி பெஞ்சிலேயே இருப்பார்கள், அவர்களை உங்களுக்கு வாத்தியார் ஆக்குங்கள். கரும்பலகையில் நீங்கள் எழுதுங்கள், அவர்கள் திருத்தட்டும். மறுநாள் அவர்கள் உங்களிடம் கேட்கட்டும், மறந்திருந்தால் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை முயலுங்கள். பெரியவர் ஒருவர் தடுமாறி, வெட்கப்படாமல் திரும்ப முயல்வதை அந்தப் பிள்ளைகள் அனேகமாக முதல் தடவையாகப் பார்ப்பார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு மொழிக்கும் பயன் உண்டு. 'செய்' என்பதற்கான மராத்திச் சொல்லையும் 'வீடு' என்பதற்கான மராத்திச் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'கர்' தான். இரண்டாவதில் குரல் அதிர்வும் மூச்சோடு கூடிய அழுத்தமும் இருக்கின்றன. ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். மூச்செழுத்து வந்தால் காகிதம் ஆடும், வராவிட்டால் ஆடாது. இதில் 'ப'வையும் அதன் மூச்சு இணையையும் வைத்துத் தொடங்குவது சுலபம், காகிதம் நன்றாகத் துள்ளும். மறுபக்கம், தமிழ்ப் பிள்ளைக்குச் சொத்தாக ஓர் ஒலி இருக்கிறது. 'ஷாளா', 'பாள்' போன்ற மராத்திச் சொற்களில் வரும் ளகரம் இந்தி மட்டும் பேசும் பிள்ளைக்கு எளிதில் வராது, நம் பிள்ளைக்கு முதல் நாளே வரும். அதைச் சொல்லிக் காட்டுங்கள். மராத்தி பீரியடில் தலைகுனிந்து இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது. மத்திய அரசின் தீக்ஷா இணையதளத்தில் பாடங்கள் இருக்கின்றன, பார்த்துச் சான்றிதழ் வாங்கலாம். வாங்குங்கள். ஆனால் அதில் ஒரு ஐந்து மணி நேரத்துக்குச் சமமான பயனை ஒரே பீரியடில் தரக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. பக்கத்து வகுப்பு ஆசிரியரை உங்கள் வகுப்பின் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். அவர் கையில் பெஞ்சுகளின் வரைபடம் மட்டும். நீங்கள் யாரையாவது கேள்வி கேட்டால், பேர் சொன்னால், நோட்டை எட்டிப் பார்த்தால், அந்த இடத்தில் ஒரு கோடு போடுவார். கருத்துச் சொல்லக் கூடாது. பீரியட் முடிந்ததும் தாளை வாங்கிப் பாருங்கள். முன்வரிசையிலும் நடு வழியின் இரண்டு ஓரத்திலும் கோடுகள் குவிந்திருக்கும், மூலைகள் வெறுமையாக இருக்கும். அந்த மூலையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் 'ஆர்வமில்லாத' பிள்ளைகள். மறுநாளிலிருந்து பாடத்தை அந்த மூலையில் நின்று தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து அதே சோதனையை நீங்கள் அவர் வகுப்பில் செய்து கொடுங்கள்.

மூத்த ஆசிரியர்களிடம் பேசிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதியாக வேண்டிய நிலை. நாற்பத்தைந்து வயதில் கைடு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களின் கவலை நியாயமானது, அவர்களைக் கேலி செய்வது அநியாயம். புதிதாகத் தேர்வு எழுதி வந்தவர் நீங்கள் என்றால் வாரம் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள். பதிலுக்கு அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. எந்த வீட்டில் யார் பிள்ளையை யார் வளர்க்கிறார்கள், யாரை எப்போது ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதெல்லாம் எந்தப் பயிற்சியிலும் வராது.

ஊருக்குப் போவது என்றதும் ஒரு விஷயம். ஏற்றம் எல்லாம் நேர்கோட்டில் போகாது. மே மாதம் ஊருக்குப் போன குடும்பம் ரயில் டிக்கெட் கிடைக்காமல் ஜூன் கடைசியில் திரும்பும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் வருகை சரியும். கணபதி விடுமுறை, தீபாவளி, பொங்கல். ஒவ்வொன்றுக்குப் பிறகும் பிள்ளை இரண்டு படி கீழே இறங்கி வரும். 'எல்லாத்தையும் மறந்துட்டியா' என்று தொடங்கினால் ஜன்னலைப் பார்க்கும் பழக்கம் திரும்ப வந்துவிடும். விடுமுறைக்குப் பின் முதல் மூன்று நாளும் பழையதை நினைவுபடுத்துவது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறந்ததைத் திரும்பக் கற்க முதலில் ஆன நேரத்தில் கொஞ்சம்தான் ஆகும், மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.

ஆண்டு முடிவில் பிள்ளை உங்கள் கையை விட்டு அடுத்த ஆசிரியரிடம் போகும்போது இத்தனை வேலையும் வீணாகாமல் இருக்க ஒரு தாள் போதும், ஒரு பிள்ளைக்கு ஐந்து வரி. இப்போது எதை வாசிக்க முடிகிறது. எந்த எழுத்தில் இன்னும் நிற்கிறது. எதைக் கொடுத்தால் கையில் எடுக்கிறது, கிரிக்கெட்டா, கோயில் நோட்டீஸா. கண், காது பற்றித் தெரிந்தது. வீட்டில் யாரிடம் பேச வேண்டும், எந்த நேரத்தில். 'கவனம் இல்லை', 'சோம்பேறி', 'அடங்காதவன்' போன்ற சொற்கள் அதில் வரக் கூடாது, அடுத்தவர் அதை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வார். தலைமை ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுங்கள், அடுத்த ஆசிரியரிடம் நேரில் உட்கார்ந்து ஒரு பிரதியைப் படித்துக் காட்டுங்கள். ஏப்ரலிலேயே செய்துவிடுங்கள், மே மாதம் பிறந்தால் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள்.